பாலத்துக்குக் கீழே

கூப்பிட்டுப் பார்த்தும் யாரும் வராததால் அருந்ததி பரமலிங்கத்தின் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மார்கழி மழை அவள் முதுகில் வழிந்தது.

விறாந்தையில் பரமலிங்கம் நின்றான். அவனுக்குப் பின்னால் பாயில் அவன் தம்பி ஐயாத்துரை இருந்தான். இடது கால் முழங்காலோடு முடிந்திருந்தது. அவளைக் கண்டதும் வேட்டியை இழுத்து அதை மூடிக்கொண்டான்.

"உன்ர மனிசன் விடியவே வந்து கேட்டவர். ஏலாது எண்டு சொல்லிவிட்டனான். நீ ஏன் வந்தனீ?" என்றான் பரமலிங்கம்.

"அப்பாவைச் சுடலைக்குத் தூக்க நாலு பேர் வந்தாக் காணும் அண்ணை. யாழ்ப்பாணத்திலையிருந்து எங்கட ஆக்கள் வரேலாது. ரோட்டெல்லாம் வெள்ளம்."

"அவர் வெளியிலையிருந்து கொண்டுவந்து வேலை வாங்கின ஆக்களைக் கேளன்."

"அவை மழைக்கு முன்னமே போயிட்டினம்."

அவளுடைய தகப்பன் நடராசா ஓவசியர். துணுக்காய்க் காட்டுக்குள் அரசாங்கம் அமைத்த பூங்காவுக்காக, ஆற்றுக்கு மேலே நடைபாதைத் தொங்குபாலம் கட்டும் வேலையை மேற்பார்க்க வந்தவர். பூங்கா என்று சொல்லிக் கம்பிவேலி அடித்ததில் ஊராருக்கு மேய்ச்சலுக்கு மாடு சாய்க்கும் வழி போயிற்று. அதைக்கூடப் பொறுத்திருப்பார்கள். ஆவணியில் இரும்பு வடம் அறுந்து, பாலத்தில் வேலைக்கு நின்ற ஐயாத்துரையின் காலைக் கொண்டுபோனது. விசாரணைக்கு வந்தவர்களிடம், அவன் குடிவெறியில் நின்றான் என்று நடராசா சொன்னார். அன்று முதல் கடைக்காரன்கூடச் சாமானை மேசையில் வைப்பானே தவிர, அவர்கள் கையில் தரமாட்டான். இன்று விடியப்புறம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழும்பவில்லை.

"அண்டைக்கு நான் குடிச்சிருந்தனானோ?" ஐயாத்துரை கேட்டான். "விடிய உங்கட குசினி வாசலிலை நிண்டு தேத்தண்ணி வாங்கிக் குடிச்சனான். நீதான் தந்தனீ. சொல்லு."

"இல்லை. நீங்கள் குடிக்கேல்லை."

"இப்ப சொல்லுறாய்."

ஐயாத்துரை தமையனைப் பார்த்தான்.

"பிரேதம் எடுக்காமப் பிள்ளையாருக்குப் பூசை இல்லை. திருவெம்பாவை நாள். கோயிலுக்காகப் போங்கோ அண்ணை. ஆனால் அந்தாள் கட்டின பாலத்திலை எங்கட ஆக்களின்ர கால் படக்கூடாது."

"ஆத்திலை வெள்ளமெல்லோ?" என்றாள் அருந்ததி.

"வெள்ளத்தாலை போகட்டும்."

மத்தியானம் பரமலிங்கமும் மூன்று பேரும் வந்தார்கள். படலைக்கு வெளியிலேயே நின்றார்கள். வெற்றிலைத் தட்டை நீட்டியபோது ஒருவரும் கை வைக்கவில்லை. அருந்ததியின் தாய் இலட்சுமி பாடையின் மேல் விழுந்து குழறி அழுதபோது, "நேரம் போகுது" என்று மட்டும் ஒருவன் சொன்னான்.

பெண்கள் படலையோடு நின்றுவிட வேண்டும். அருந்ததி நிற்கவில்லை. தடுத்துப் பிடிக்க அயல் பெண்கள் ஒருவரும் வந்திருக்கவில்லை.

சுடலை அக்கரையில். ஆறு செம்மண் நிறத்தில் நிறைந்து போனது. மேலே பாலம் வேலை முடிந்து, திறக்காமல் கிடந்தது. இரண்டு கரையிலும் சீமெந்துத் தூண்கள், இடையில் வடம், புதுப் பாலை மரப் பலகைகள். பின்னேரங்களில் நடராசா தனியாக அக்கரை வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வருவார். வேறு யாரும் அதில் நடந்ததில்லை.

நான்கு பேரும் பாலத்தடியைக் கடந்து துறையில் இறங்கினார்கள். இடுப்பளவு, பிறகு நெஞ்சளவு. பாடையைத் தலைக்கு மேலே உயர்த்தினார்கள். நடு ஆற்றில் பரமலிங்கத்தின் கால் வழுக்கியது. பாடை சரிந்து, வெள்ளைத் துணியின் ஒரு பக்கம் தண்ணீருக்குள் போனது. "பிடியடா, பிடி" என்று ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு நிமிர்த்தினார்கள். பாலத்திலை ஏறுங்கோ என்று கத்த அருந்ததி வாயெடுத்தாள். கத்தவில்லை.

அவள் புருசன் தில்லைநாதன் கொள்ளிச்சட்டியோடு பாலத்தின் வாயிலில் நின்றான். நெருப்பு நனையக்கூடாது. ஒரு காலைப் பலகையில் வைத்தும் விட்டான். தண்ணீருக்குள் நின்றபடி பரமலிங்கம் தலையைத் திருப்பிப் பார்த்தான். தில்லைநாதன் காலை எடுத்தான். அருந்ததி நின்ற பக்கம் பாராமல், சட்டியை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கினான்.

அக்கரை மரங்களுக்குள் அவர்கள் மறையும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

வீட்டில் தாய் சுவரோடு சாய்ந்திருந்தாள்.

"பாலத்தாலையே கொண்டு போனவை?"

"ஓம் அம்மா."

"பாரத்துக்கு ஆடினதே?"

"இல்லை. ஆடேல்லை."

இலட்சுமி தலையசைத்தாள். எழும்பி வாளியைத் தூக்கிவந்து, அவரைக் கிடத்தியிருந்த இடத்தில் தண்ணீரை ஊற்றினாள். அருந்ததி தும்புத்தடியை எடுத்து அந்தத் தண்ணீரை வாசல் பக்கம் தள்ளிக் கூட்டத் தொடங்கினாள்.