எழுந்து நிற்காத மகள்

அப்பாவை மண்ணுக்குள் வைத்து இருபத்தெட்டு நாளும் இருபது மணி நேரமும் ஆகியிருந்தன. அடக்கம் செய்த நாளையும் சேர்த்தால் இன்று முப்பது.

அத்தனை காலைகளிலும் தீர்ஸா யூத ஆலயத்துக்குத் தொழுகைக்கு வந்தாள். ஒரு நாள்கூட எழுந்து நிற்கவில்லை.

துக்கம் காப்பவர்கள் எழுந்து நின்று கத்தீஷ் என்ற ஜெபத்தைச் சொல்ல வேண்டும். அதில் சாவைப் பற்றி ஒரு சொல் கிடையாது. முழுக்கக் கடவுளின் புகழ். பறிகொடுத்தவன் ஏன் புகழ வேண்டும் என்று அப்பா எழுதிய புத்தகம் நியூயார்க்கில் பாதி யூத வீடுகளில் இருக்கிறது. பத்துப் பேர் இல்லாமல் கத்தீஷ் சொல்ல முடியாது. இங்கே பத்தாவது ஆள் பெரும்பாலும் தீர்ஸாதான். மற்றவர்களின் துக்கத்துக்காக வந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி, முட்டி வலியா?" என்றாள் பின்வரிசை மல்கா. "எண்பத்து மூணு வயசுல நானே நிக்கிறேன். புருஷன் உயிரோட இருந்தப்போ அந்த ஆளுக்காக இவ்வளவு நின்னதில்ல."

தீர்ஸா சிரித்து வைத்தாள்.

தொழுகை முடிந்து எல்லோரும் காப்பிக்கும் ஹெர்ரிங் மீனுக்கும் நகர்ந்தார்கள். அப்பாவின் மாணவன் கிதோன் தொழுகைக்காகக் கையில் சுற்றியிருந்த தோல்வாரை அவிழ்த்தபடி அருகில் வந்து உட்கார்ந்தான்.

"சாயங்காலம் முப்பதாம் நாள் நினைவுக் கூட்டத்துக்கு முந்நூறு பேர் வராங்க. நீதான் கத்தீஷ ஆரம்பிக்கணும்."

"நீயே சொல்லு."

"நான் தினமும் சொல்லிக்கிட்டுதான இருக்கேன்? நீ அவர் பொண்ணு. ஜனங்க பேசுறாங்க, தீர்ஸா."

அவள் தன் நகங்களைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் அப்பா கடைசியாகச் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மருந்து மயக்கம் என்று தன்னையே நம்பவைக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஊசி போட்டுப் பதினோரு மணி நேரம் கழித்துப் பேசியது அது. கிழமைகூடச் சரியாகச் சொன்னார்.

கிதோன் ஒரு தாளை நீட்டினான். "அவர் புத்தகத்தோட புதுப் பதிப்புக்கு நான் எழுதின முன்னுரை. மத்தியானம் அச்சுக்குப் போகுது. தப்பு இருந்தா சொல்லு."

கடைசி வரியில் அவள் கண் நின்றது: 'இறுதி மூச்சுவரை அவர் உதடுகளில் கடவுளின் புகழ் இருந்தது.'

"இத யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அவர் வேற எப்படிப் போயிருப்பாரு?" அவன் குரல் தாழ்ந்தது. "என் பொண்ணு ஷிஃப்ரா செத்தப்போ அவளுக்கு ஆறு வயசு. ரெண்டு மாசம் நான் படுக்கைய விட்டு எழல. இந்தப் புத்தகந்தான் என்னை எழுப்பி நிக்க வெச்சுது. உனக்குத் தெரியுமில்ல?"

தெரியும். அதனால்தான் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை.

"அந்த வரிய எடுத்துடு, கிதோன்."

"ஏன்?"

"எடுத்துடேன்."

"காரணம் சொல்லு. நான் எடுக்கிறேன்."

மல்கா தட்டோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள். தீர்ஸா காத்திருக்கவில்லை.

"அப்பா என் கையப் பிடிச்சுக்கிட்டு சொன்னாரு: எனக்காக யாரும் கத்தீஷ் சொல்லக் கூடாது. அவனப் புகழ எங்கிட்ட இனிமே ஒண்ணும் இல்ல."