மாசிபத்ரி என்ற பெயரில்

பிள்ளையார் சதுர்த்திக்கு இருபத்தோரு வகை இலையும் சேர்த்துவிடுவதில், கல்கத்தாவில் எங்கள் டாக்குரியா தமிழ்ச் சங்கத்துக்கு ஏகப் பெருமை. செயலாளர் வெங்கடராமன் மாமா ரயில் பாதையோரம் நின்று குடையால் சுட்டிக்காட்டுவார். கூலியாள் வெட்டி மூட்டை கட்டுவான். இலைகளை ஆய்ந்து வகைவகையாகக் கட்டுவது என் வேலை. வருஷாவருஷம் பூஜை முடிந்ததும் என் கை முழங்கைவரை தடித்து, சிவந்து, நீர் கோத்துக்கொள்ளும்.

நான் அனிர்பனைக் கல்யாணம் செய்துகொண்டவள். பெங்காலி, போதாக்குறைக்கு மீன் சமைக்கிற வீடு. அப்புறம் காரணம் தேட யாருக்கு என்ன கஷ்டம்? இந்த வருஷம் சதுர்த்திக்கு முதல் நாள், எல்லார் எதிரிலும் மாமா சொல்லிவிட்டார்.

"சங்கரி, பிள்ளையாருக்கே பொறுக்கலை போலிருக்கு. இனிமே நீ பத்ரத்தைத் தொட வேண்டாம்மா. ஓரமா உக்காந்து சேவிச்சுக்கோ."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒவ்வொரு வருஷமும் அரிப்பு ஆரம்பிப்பது இருபத்தொன்றில் முதல் இலையான மாசிபத்ரியை ஆயும்போதுதான்; அந்தப் பெயரில் வைத்திருந்த கட்டிலிருந்து ஒரு கொத்தை உருவி, பையில் போட்டுக்கொண்டு நேரே தோல் டாக்டரிடம் போனேன். பார்த்த மாத்திரத்தில், "பார்த்தீனியம்! இதையா வெறுங்கையால் ஆய்கிறீர்கள்?" என்று சத்தம் போட்டார்.

மறுநாள் காலை சங்கத்துக்கு முதல் ஆளாகப் போய் நின்றேன். பூஜைக்கு எல்லாரும் கூடியதும் ஆரம்பித்தேன்.

"மாமா, இது மாசிபத்ரியே இல்லை. அதைக் கசக்கினா கமகமன்னு மணக்கும், இலைக்கு அடிப்பக்கம் வெளுத்திருக்கும். இது எங்கேயோ அமெரிக்காலேர்ந்து வந்த களை."

"முப்பது வருஷமா இதைத்தான் சாத்தறோம். ஏதோ மூலிகைதானே?"

"அது பொறந்த ஊர்ல காய்ச்சலுக்குக் கஷாயம் வெப்பாளாம். வெச்சுக்கட்டும். மாசிபத்ரியைச் சொறி சிரங்குக்கு அரைச்சுப் பூசுவா, மாமா. சொறியைக் குடுக்கற மாசிபத்ரி எங்கேயாவது உண்டா?"

"நீ பண்ணின காரியத்துக்கு இலை மேல பழியா?"

கொத்தை அவர் முன்னால் நீட்டினேன்.

"பிள்ளையாருக்கு என் மேலதானே கோபம்? அப்போ உங்களை ஒண்ணும் பண்ணாது. இந்தாங்கோ, ரெண்டு கையிலயும் நன்னாத் தேய்ச்சுக்கோங்கோ."

மாமா கொத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த தழும்புகளைப் பார்த்தார். மெதுவாக இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். கூடமே அதைப் பார்த்தது.

பூஜை செய்துவைக்க வந்திருந்த சாஸ்திரிகள் தொண்டையைக் கனைத்தார். "இல்லாத பத்ரத்துக்கு அட்சதை போடலாம். சாஸ்திரத்துல இடமிருக்கு."

நான் ஓரமாக உட்காரவில்லை. பிள்ளையாருக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். 'மாசீபத்ரம் பூஜயாமி' என்று முதல் மந்திரம் வந்ததும், யாரையும் கேட்காமல், முதல் அட்சதையை நான்தான் போட்டேன்.