இருபத்தொரு மணி நேரத் தூக்கம்

புதன்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்குப் பேட்டைக் காவல் நிலையத்துக்குப் போனேன். வெளிநாட்டவருக்கான சன்னலில் எனக்கு முன்னால் யாரும் இல்லை. என் தங்கும் அனுமதி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்க, நான் எங்கே குடியிருக்கிறேன் என்று காவல் நிலையம் அச்சடித்துத் தரும் சீட்டு வேண்டும். இல்லையென்றால் சொந்த ஊரான லுசாகாவுக்கு விமானம் ஏற வேண்டியதுதான். சீனாவில், இந்தக் குவாங்சோ நகரில் மூன்று வருடமாக இருக்கிறேன். எப்போதும் இரண்டு நிமிடத்தில் கிடைக்கிற சீட்டு அது.

இளம் போலீஸ்காரர் என் பாஸ்போர்ட் எண்ணைத் தட்டிப் பார்த்தார்.

"நீங்க அந்த வீட்டுல இல்லையே."

"அங்கதான் சார் இருக்கேன்."

"ஒன்பதாம் தேதியிலேர்ந்து லாட்ஜ்ல இருக்கீங்கன்னு காட்டுது."

அப்போதுதான் உறைத்தது. விடுதியில் ஒரு இரவு தங்கினாலும் அவர்கள் நம் பெயரைப் பதிந்துவிடுவார்கள். வீட்டுப் பதிவு போய்விடும். திரும்பிய ஒரு நாளுக்குள் மறுபடி பதிய வேண்டும். எனக்குத் தெரியாத விதியில்லை. அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் பட்டியலில் நான்காவதாக எழுதி வைத்திருக்கிறேன்: வெளியூர் போய்வந்தால் பதிவு. ஆனால் அந்த விடுதி எங்கள் வீட்டிலிருந்து மெட்ரோவில் இரண்டு ஸ்டேஷன். அதை வெளியூர் என்று எப்படி நினைப்பேன்?

"வீட்டுக்காரங்க நேர்ல வரணும். வீட்டுப் பத்திரத்தோட. குடியிருக்கிற வீடு பக்கத்துலயே இருக்க லாட்ஜுக்கு ஏன் போனீங்கன்னும் சொல்லணும்," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. கண்கள்தான் சிவந்திருந்தன.

வெளியே வந்து வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் செய்தேன். லியாங்கம்மா பக்கத்து ஊரான ஃபோஷானில் மகள் வீட்டில் இருக்கிறார். மகளுக்குப் பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள். ஒரு மாதம் முடியும்வரை மகள் படுக்கையை விட்டு அதிகம் எழக்கூடாது, எல்லாம் அம்மாதான். பின்னால் குழந்தை வீறிட்டது.

"நான் குடுத்த வீட்டுல கட்டில் இல்லையா? மெத்தை இல்லையா? லாட்ஜுக்கு எதுக்குப் போன?"

"தப்புதாம்மா."

"அடுப்புல மகளுக்கு இஞ்சியும் காடியும் போட்டுப் பன்றிக்கால் வெந்துட்டிருக்கு. இறக்கி வச்சுட்டுத்தான் வருவேன். மூணு மணி ஆகும்."

என்னோடு தங்கியிருக்கும் சிலேஷே அக்கா துணி வியாபாரம் செய்கிறவள், இந்த ஊரில் பதினோரு வருடம் பழகியவள். நான் வேலை பார்க்கும் கிடங்குக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அவளிடம் நடந்ததைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"தூங்கப் போனேன்னு மட்டும் சொல்லித் தொலைக்காத. ஒத்தைப் பொம்பளை, குடியிருக்கிற ஊர்லயே லாட்ஜ்ல ரூம் போட்டான்னா அவன் என்ன நினைப்பான்? ஊர்லேர்ந்து அத்தை பொண்ணு வந்தா, துணைக்குத் தங்கினேன்னு சொல்லு."

"எனக்கு அத்தை பொண்ணே இல்லையேக்கா."

"அவன் லுசாகாவுக்குப் போய் எண்ணிப் பார்க்கப் போறானா?"

தூங்கத்தான் போனேன் என்பது அவளுக்குத் தெரியும். மேல்வீட்டில் ஜூலையிலிருந்து சுவரைத் துளைக்கிறார்கள். காலை எட்டுக்குத் தொடங்கும் சத்தம். அதற்கு முன்னால், ஆறு மணிக்கெல்லாம் அக்கா அறையில் கொடுக்கல் வாங்கல் பேச்சு. பகலில் கிடங்கில் பெட்டிகளுக்கு எண் ஒட்டுகிறேன். மாலையில் வாரம் நான்கு நாள் சீன வகுப்பு. அந்த ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, மெட்ரோவில் நின்றபடியே தூங்கி முழங்கால் மடிந்து விழுந்தேன். எழுந்து அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, கண்ணில் பட்ட முதல் விடுதிக்குள் போனேன்.

அத்தை மகள் வாக்கியத்தைச் சீனத்தில் ஏழு முறை சொல்லிப் பார்த்தேன். பெயர்கூட வைத்தேன்.

மூன்றே கால் மணிக்கு லியாங்கம்மா வந்தார். பத்திரம் ஒரு காய்கறிப் பையில் இருந்தது. அவர் மேலெல்லாம் இஞ்சியும் காடியும் மணந்தன. பத்திரத்தைச் சன்னலில் வைத்துவிட்டு நாற்காலியில் சரிந்தார்.

"ம், சொல்லுங்க. ஏன் போனீங்க?" என்றார் போலீஸ்காரர்.

"என் அத்தை பொண்ணு," என்று ஆரம்பித்தேன். அவர் உடனே எழுதத் தயாரானார்.

"பேரு? பாஸ்போர்ட் நம்பர்? அவங்க பேரும் அந்த ரூம்ல பதிவாகியிருக்கணுமே."

இதை நானும் யோசிக்கவில்லை, அக்காவும் யோசிக்கவில்லை.

"அத்தை பொண்ணு வரலை சார். அப்படி யாரும் கிடையாது. தூங்கத்தான் போனேன்."

"யார்கூட?"

"தனியா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் இடத்தில் இருந்தால் நானே இதை நம்பமாட்டேன் என்று தோன்றியது. பையில் வகுப்பு நோட்டு இருந்தது. வாரம் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார் ஆசிரியை. ஒன்பதாம் தேதிப் பக்கத்தைத் திறந்து சன்னல் வழியே நீட்டினேன். அவர் மெதுவாகப் படித்தார்.

'சனிக்கிழமை. பகல் இரண்டு மணிக்கு விடுதிக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். யாரும் கூப்பிடவில்லை. இரண்டு முறை தண்ணீர் குடித்தேன். மறுநாள் பதினொரு மணிக்கு எழுந்தேன்.'

அடியில் ஆசிரியை சிவப்பு மையில் கேட்டிருந்தார்: 'அவ்வளவுதானா? வேறு எதுவும் நடக்கவில்லையா?'

"இருபத்தொரு மணி நேரம்," என்றார் போலீஸ்காரர். பிறகு தணிந்த குரலில், "நான் நேத்து காலையில டூட்டிக்கு வந்தவன். இன்னும் வீட்டுக்குப் போகலை," என்றார்.

காரணம் என்ற கட்டத்தில் 'ஓய்வு' என்று எழுதினார். முதல் முறை என்பதால் எச்சரிக்கை மட்டும். கையெழுத்துப் போட்டேன். சீட்டு அச்சாகி வந்தது.

"வீட்டுக்காரங்க கையெழுத்து வேணும்," என்றார்.

திரும்பினேன். லியாங்கம்மா காய்கறிப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் கைப்பேசி ஒருமுறை அதிர்ந்து நின்றது. எழவில்லை.

தோளைத் தொடக் கையை நீட்டினேன். அனுமதி அலுவலகம் ஐந்து மணிக்கு மூடும். இப்போதே ஓடினால் இன்றைக்கே கொடுத்துவிடலாம். ஆனால் வியாழக்கிழமை ஒன்று முழுதாக இருக்கிறது.

போலீஸ்காரரைப் பார்த்தேன். அவர் சீட்டின் மேல் ஒரு கோப்பையைத் தூக்கி வைத்தார், காற்றில் பறக்காமல் இருக்க.

நான் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.