படத்தில் இருந்த நாற்காலி

அத்தை எங்களோடு இருப்பாரா, கொழுந்தன் வீட்டுக்குப் போவாரா என்பதுதான் கேள்வி. இரண்டு வீட்டிலும் தங்கிப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றிருந்தார். அங்கே தங்கி முடித்தாயிற்று. பொத்தானை அழுத்தினால் காலைத் தூக்கி வைக்கிற சோபா இருக்கிறதாம் அங்கே. மாமியார் வேண்டும் என்று அடம்பிடிக்கிற மருமகளை ஊர் சந்தேகமாகத்தான் பார்க்கும். பார்க்கட்டும். அவர் இருந்தால் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும். என் வீட்டுக்காரரை நம்பினால் டிவி சத்தம்தான். எனக்கு அத்தை வேண்டும்.

எங்கள் கூடத்தில் ஒரு பழைய புகைப்படம் மாட்டியிருக்கிறது. அத்தைக்குக் கல்யாணமான புதிதில் எடுத்தது. சிங்கமுகக் கைப்பிடியும் பூவேலை செய்த உயரமான முதுகும் உள்ள ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து முறைப்பார். "அம்மாவோட கம்பீரமே தனி" என்று பார்க்கும்போதெல்லாம் உருகுவார் என் வீட்டுக்காரர். அது அத்தையின் பிறந்த வீட்டு நாற்காலி என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம். படத்தைத் தச்சரிடம் காட்டி, அதேபோல் ஒன்று செய்யச் சொன்னேன். அதோடு நின்றேனா? கடைசல் கால் கட்டில், பித்தளைப் பூண் போட்ட பெட்டி, ஆளுயரக் கண்ணாடி என்று வீட்டையே ராஜா நாடகத்துக்கு மேடை போட்டதுபோல் ஆக்கிவிட்டேன். கட்டிலில் ஏற என் வீட்டுக்காரருக்கு முக்காலி தேவைப்பட்டது. இறங்கும்போது அதுவும் உதவவில்லை.

அத்தை வந்தார். பையைக் கீழே வைக்காமலே கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"என்னம்மா இது, யாராச்சும் சினிமா எடுக்க வர்றாங்களா?"

"உங்களுக்காகத்தான் அத்தை. உங்க பிறந்த வீட்டுல இருந்த மாதிரியே."

"எங்க வீட்டுலயா? எங்க வீட்டுல மொத்தமே ரெண்டு பாய்தான்."

நான் படத்தைக் காட்டினேன். அத்தை படத்தையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது ஸ்டுடியோக்காரரோட நாற்காலிம்மா. அதுல ஒரு ஆணி துருத்திக்கிட்டு இருந்துச்சு. அசையாதீங்க, அசையாதீங்கன்னு அவரு உயிரை வாங்குறாரு. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

கம்பீரத்தின் காரணத்தைக் கேட்ட என் வீட்டுக்காரர் படத்தருகே போய் மறுபடி உற்றுப் பார்த்தார். இத்தனை பாடும் வீண், அந்தச் சோபா ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன்.

அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்.

"முதுகு சரியில்ல. இந்தச் சிங்கம் முழங்கையைக் கடிக்குது. பூவேலை இடுக்குல இப்பவே தூசி, இதை யாரு தினமும் துடைக்கிறது? கட்டில் எதுக்கு இவ்வளவு உசரம், யானை மேல படுக்கவா? அந்தத் தச்சரை நாளைக்கு வரச் சொல்லு, நான் பேசிக்கிறேன்."

மனசு கேட்கவில்லை. வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"அப்ப நீங்க சின்னவர் வீட்டுக்கே போயிடுவீங்களா அத்தை?"

அத்தை பையை என் கையில் கொடுத்தார்.

"அங்கயா? அங்க எல்லாமே சரியா இருக்கும்மா. குறை சொல்ல ஒண்ணுமே இல்ல. நான் எப்படிப் பொழுதை ஓட்டுறது?"