சுலைஹாவின் நடை

இடது காலில் கறுப்புப் பட்டியைக் கட்டிவிட்டு, வலது காலுக்கானதைக் கட்டிலுக்கடியில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார் அமீருதீன். பக்கத்து அறையில் அவர் மனைவி சுலைஹாவைக் குளிப்பாட்டத் தொடங்கியிருந்தார்கள். வாசலுக்குக் குறுக்கே வெள்ளைத் துணி கட்டியாயிற்று. தண்ணீர் மொள்ளும் சத்தமும் பெண்கள் மெல்ல ஓதும் சத்தமும் மாறி மாறி வந்தன.

விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தவள்தான். முகம் கை கழுவிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "நெஞ்சுக்குள்ளே என்னமோ பண்ணுதுங்க" என்றாள். அவர் எழுந்து, காலைப் பிடுங்கி, மூன்று எட்டு வைத்து அவளிடம் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவளிடம் போய்ச் சேர மூன்று எட்டு தாமதம். அதை நினைக்கும்போதெல்லாம் அமீருதீனுக்குத் தன் கால்மேலேயே ஆத்திரமாக வந்தது.

காலையில் அவள் முகத்தில் ஒரு முடிக்கற்றை விழுந்து கிடந்தது. ஒதுக்கிவிடக் கை நீட்டினார். "பார்க்கலாம் அண்ணே, ஆனா இனித் தொடக் கூடாது" என்று பெரியவள் ஒருத்தி தணிந்த குரலில் சொன்னாள். மனைவி மவுத்தாகிவிட்டால் கணவன் தொடக் கூடாது; அது ராவுத்தர்மார் முறை. அவருக்கும் தெரியும். எத்தனை வீட்டில் இதே பேச்சை அவரே அடுத்தவனுக்குச் சொல்லியிருக்கிறார். தெரிந்து என்ன, கை தானாக அல்லவா நீண்டுவிட்டது.

பட்டி கிடைத்தது. நிமிர்ந்தால் மகன் நிஹால் நிற்கிறான். கலூரில் ஏசி ரிப்பேர் வேலை. செய்தி கேட்டு பைக்கை விரட்டிக்கொண்டு வந்தவனுக்கு அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"அத்தா, பாலியேட்டிவ்காரங்ககிட்ட வீல்சேர் சொல்லிட்டேன். இப்போ கொண்டு வந்துருவாங்க."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"மையத்து ஒண்ணுதானேடா இருக்கு இந்த வீட்டுல? என்னையும் சேர்த்து ஏன் தூக்கிட்டுப் போறீங்க? நான் நடப்பேன்."

"அத்தா, பள்ளிவாசலுக்கு அரைக் கிலோமீட்டர். அங்கேருந்து கபர்ஸ்தான் வேற. சந்தூக்கைத் தோள்ல வெச்சா யாரும் மெதுவாப் போக மாட்டாங்க, உங்களுக்குத் தெரியாததா? நடுரோட்டுல உங்க கால் ஒட்டிக்கிட்டா என்ன செய்ய? எனக்குப் பயமா இருக்கு. ஜனங்க அம்மாவைப் பார்ப்பாங்களா, உங்களைப் பார்ப்பாங்களா?"

நியாயமான கேள்விதான். அமீருதீன் பதிலை ஏற்கெனவே வைத்திருந்தார். "ஒட்டிக்கிட்டா என்னை அங்கேயே விட்டுட்டுப் போங்க. எனக்காக மையத்து ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது. ஆனா நான் நடந்துதான் வருவேன்."

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக் கிடங்குகளில் முப்பத்தாறு வருஷம் சுமட்டுத் தொழிலாளியாக இருந்தவர். சுக்கும் மிளகுமாக அவர் தலையில் ஏறாத மூட்டை கிடையாது. தெருவில் யார் மவுத்தானாலும், மையத்தை வைத்துத் தூக்கும் சந்தூக்கின் முன்பக்கத்து இடதுகொம்பு அவர் தோளுக்குத்தான். "அமீர்க்கா பிடிச்சா ஆடாது" என்பார்கள். ஊரில் அத்தனை பேரையும் சுமந்துகொண்டு போனவர், தன் வீட்டுக்காரி போகும்போது வீல்சேரில் பின்னால் உருண்டு வருவதா? சீச்சீ.

நாலு வருஷத்துக்கு முன்பு வந்தது இந்தக் கால் நோய். டாக்டர் பார்க்கின்சன் என்றார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருப்பார், திடீரென்று உள்ளங்கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மனசு போ போ என்னும், கால் அசையாது. அதிலும் கதவு நிலையைக் கண்டால் போதும், அங்கேயே நின்றுவிடும். பிசியோதெரபி பார்க்கும் அதிதி என்ற பெண்தான் இந்தப் பட்டிகளைக் கொண்டுவந்தாள். புதுசாகப் பரிசோதித்துப் பார்க்கிறார்களாம். கணுக்காலுக்கு மேலே கட்டிக்கொண்டால், உள்ளேயிருந்து இடது காலில் ஒரு தட்டு, வலது காலில் ஒரு தட்டு. போனில் எந்த எண் வைக்கிறோமோ, நிமிஷத்துக்கு அத்தனை தட்டு. போன் சுலைஹாவுடையது. வாயால் ஆயிரம் தடவை சொல்லிக் கேட்காத கால், தோலில் தட்டினால் கேட்டது. அமீருதீனே முதலில் நம்பவில்லை.

அதன்பிறகு இரண்டு பேரும் தினமும் சாயங்காலம் முக்குக் கடைவரை போய்ச் சாயா குடித்துவிட்டு வருவார்கள். அவள் எப்போதும் அவருக்கு இடதுபக்கம். திரும்பி வந்து வாசற்படியில் முதலில் அவர் ஏறுவார். ஏறி, சுவரோரமாக ஒதுங்கி நிற்பார். சுலைஹாவுக்கு இரண்டு முட்டியும் போன கேஸ். நிலையைப் பிடித்துக்கொண்டு, "யா அல்லா" என்று மெல்ல ஏறி அவரைத் தாண்டி உள்ளே போவாள். ஒரு நாளும் மாறியதில்லை.

"நிஸா!" என்று கூப்பிட்டார்.

மகள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சுள்ளிக்கல்லில் கட்டிக்கொடுத்தவள்; பாதி நாள் இங்கேதான் இருப்பாள், போன் விஷயமெல்லாம் அவளுக்குத்தான் அத்துப்படி.

"இதுல வேகத்தைக் கூட்டிக் குடு. சந்தூக்கு போற வேகத்துக்கு."

நிஸா அம்மாவின் போனை வாங்கித் திறந்தாள். பூட்டு ஒன்றும் கிடையாது. எண்ணைப் பார்த்துவிட்டு, தொடாமல் நின்றாள்.

"என்ன?"

"அறுபத்திரண்டுன்னு இருக்கு அத்தா."

"அதான் தெரியுமே. கூட்டு."

"அது..." நிஸா போனைத் திருப்பி அவரிடம் காட்டினாள். "அது அம்மாவோட நடை. அன்னிக்கு அதிதி உங்களுக்கு எழுபத்தஞ்சு போட்டா. அம்மாதான் உள்ளே கூட்டிட்டுப் போய், 'மோளே, அந்த வேகத்துல அவர் போனா நான் எங்கே எட்டிப் பிடிக்கிறது? என் நடையை எண்ணி அதை வை. ரெண்டு பேரும் ஒண்ணாப் போக வேணாமா?'ன்னு சொன்னா. அடுக்களைக்கும் கூடத்துக்குமா மூணு தடவை நடந்து காமிச்சா. அதிதி எண்ணி வெச்சது இது."

அமீருதீன் கட்டிலில் உட்கார்ந்திருந்தபடியே தன் கால்களைப் பார்த்தார். ஒன்றரை வருஷமாகக் காலில் தட்டிக்கொண்டிருந்தது யாரென்று இன்றைக்குத்தான் தெரிகிறது. கள்ளி, ஒரு வார்த்தை சொன்னாளா! ஆனால் உட்கார்ந்து அழுதால் எழுந்திருக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

"எண்பத்தஞ்சு வை," என்றார்.

குளிப்பாட்டி முடிப்பதற்குள் நடைவழியில் எட்டு தடவை நடந்து பார்த்தார். முதல் தடவை தட்டு முன்னே ஓடியது, கால் பின்னே கிடந்தது. மூன்றாவது தடவை தோள் சுவரில் போய் மோதியது. நிஹால் பாய்ந்து வந்தான், கையை உதறிவிட்டார். ஐந்தாவது தடவை கால் வழிக்கு வந்தது. எட்டாவது தடவை வேர்த்து விறுவிறுத்து நின்றபோது, "போதும் அத்தா, மதி" என்று நிஸாவே அழுதுவிட்டாள்.

மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு எடுத்தார்கள். வெள்ளைக்குள் இருந்த முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தார். தொடவில்லை. நிஹால் முன்பக்கத்து இடதுகொம்பில் தோள் கொடுத்தான். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அமீருதீன் பின்னால் நடந்தார்.

சொல்லக்கூடாது, நன்றாகவே நடந்தார். இடம், வலம், இடம், வலம். மீன்காரர் வண்டியை ஓரங்கட்டினார். குஜராத்தி கடைக்காரர் எழுந்து நின்றார். வீல்சேரை உருட்டிக்கொண்டு வந்த பையன்களைப் பார்த்து, "அதைத் திருப்பிக் கொண்டுபோய் வைங்கடா" என்றுகூட ஒரு அதட்டல் போட்டார். பள்ளிவாசல் முற்றம்வரை ஒரு இடத்தில்கூட ஒட்டவில்லை.

முற்றத்தில் சந்தூக்கை இறக்கி, வரிசை நின்றபோது போன் அடித்தது. கும்பளங்கியிலிருந்து சுலைஹாவின் தங்கையாக இருக்கும். ஜனாஸா தொழுகை தொடங்கப்போகிறது, பையில் அவள் போன் கூவுகிறது! பள்ளிவாசலில் போன் அடித்தால் யாராக இருந்தாலும் திரும்பி முறைப்பவர் அமீருதீன். சின்னவன் பெரியவன் என்று பார்க்காமல் திட்டியும் இருக்கிறார். அவமானம் பிடுங்கித் தின்றது. பக்கத்துப் பொத்தானை, திரை கறுத்து அணையும்வரை அழுத்திப் பிடித்தார். பிறகு நிம்மதியாகக் கை கட்டிக்கொண்டார்.

தொழுகை முடிந்தது. சந்தூக்கு எழுந்தது. கூட்டத்தோடு திரும்பி, முற்றத்து வாசலுக்கு வந்தார். கல் நிலைப்படி. அங்கே நின்றது கால்.

தட்டுக்காகக் காத்தார். வரவில்லை. போனோடு தட்டும் அணைந்துபோனது அப்போதுதான் உறைத்தது. "அட பாவி மனுஷா," என்று தன்னையே திட்டிக்கொண்டார். போனை எடுத்தார். பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் உரசிக்கொண்டு போனார்கள். சந்தூக்கு தெருவில் இறங்கிவிட்டது. முன்கொம்பிலிருந்து நிஹால் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். கண்ணில் அப்படியொரு தவிப்பு. அமீருதீன் கையை வீசினார். போ, நிக்காதே, போ.

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். ஆனால் உடம்பு முழுக்கக் கொதித்தது. காலையில் மூன்று எட்டு. இப்போது ஒரே ஒரு நிலைப்படி.

வாசலுக்கு வெளியே செருப்புகளுக்கு அருகில் ரமேஷ்பாபு நின்றுகொண்டிருந்தார். முப்பது வருஷம் அமீருதீனோடு ஒரே கிடங்கில் மூட்டை சுமந்தவர். தொழுகை முடியட்டும் என்று அங்கே நின்றவர், எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். உள்ளே வந்து அமீருதீனுக்குப் பின்னால் நின்றார்.

"அமீர்க்கா, கீழே பார்க்காதீங்க. பலகையிலே ஏறுறோம்னு நெனச்சுக்குங்க."

லாரியில் மூட்டை ஏற்றும்போது சாய்த்துப் போட்ட பலகையில் ஏற வேண்டும். தலையில் சுமை இருப்பவனுக்குத் தன் கால் தெரியாது. பின்னால் வருகிறவன் முதுகில் தட்டுவான்: இடது தோள்பட்டையில் தட்டினால் இடது கால், வலதில் தட்டினால் வலது. பேச மாட்டார்கள், சுமையோடு பேசினால் மூச்சு போய்விடும். அந்த வேலை தெரிந்த ஆட்கள் மட்டாஞ்சேரியில் இன்னும் நாலைந்து பேர் இருப்பார்கள்.

இடது தோளில் ரமேஷ்பாபுவின் கை விழுந்தது. தட்டு என்ன தட்டு, நல்ல அடி. காலுக்கு என்ன ஞாபகம் வந்ததோ, பட்டென்று எழுந்தது. நிலைப்படி தாண்டியது. வலது தோளில் அடுத்தது. இடம், வலம். சுமைக்காரர்களின் நடை, குட்டை எட்டு, வேக எட்டு.

"நிக்காதே ரமேஷா, அடி," என்றார் அமீருதீன்.

"மிண்டாதே நடங்க. பேசினா மூச்சு போயிரும்."

தெருமுனையில் சந்தூக்கின் வால் தெரிந்தது. அடுத்த திருப்பத்தில் இன்னும் நெருங்கியது. கபர்ஸ்தான் வாசலில் எட்டிப் பிடித்துவிட்டார்கள். அமீருதீன் கையை நீட்டி, சந்தூக்கின் பின்கொம்பைத் தொட்டார். அதைத் தொடலாம். உள்ளே போகும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. பின்னால் ரமேஷ்பாபுவின் அடியும் நிற்கவில்லை.

மூன்று பிடி மண் போட்டார். குனியும்போது நிஹால் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். இந்தத் தடவை உதறவில்லை.

எல்லோரும் சலாம் சொல்லிக் கலைந்தபிறகு நிஹால் வந்து நின்றான். "போனைக் குடுங்க அத்தா." அது எப்போதோ உயிர் பெற்றிருந்தது. அவன் அதில் என்னவோ தேடித் தொட்டான். கணுக்கால் இரண்டும் தட்டத் தொடங்கின. மெல்ல. ரொம்ப மெல்ல.

"ஆஃப் ஆனதுல பழைய நம்பருக்கே போயிருச்சு. ஏத்தவா? இல்லே, கார் சொல்லவா?"

அமீருதீன் காலில் விழும் தட்டை எண்ணினார். இடம். கொஞ்சம் பொறுத்து, வலம். முட்டி வலிக்கிறவள் வைக்கிற எட்டு. கண்ணீர் தாடியில் இறங்கியது, துடைக்கவில்லை.

"அது அப்படியே இருக்கட்டும்," என்றார். "இனி எனக்கு என்ன அவசரம்?"

வந்த வழியே திரும்பினார்கள். ரமேஷ்பாபு பேச்சுத்துணைக்கு இடதுபக்கம் வந்து சேர்ந்துகொண்டார். கொஞ்ச தூரம் போனதும், "ரமேஷா, நீ இந்தப் பக்கம் வா" என்று வலதுபக்கத்தைக் காட்டினார் அமீருதீன். ரமேஷ்பாபு மாறிக்கொண்டார். முக்குக் கடையில் சாயாவுக்கு நிற்கவில்லை. வீடு வந்து சேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

நிஸா வாசலிலேயே காத்திருந்தாள். கை கொடுக்க முன்னால் வந்தவள், அத்தா முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

நிலைப்படிக்கு முன் அமீருதீன் நின்றார். இடது காலில் தட்டு விழுந்தது. வைத்தார். வலதையும் எடுத்து உள்ளே வைத்தார். பிறகு எப்போதும்போலச் சுவரோரமாக ஒதுங்கி, வழிவிட்டு நின்றார்.

நிஸா வெளியே தெருவைப் பார்த்தாள். அவளும் ஒரு எட்டு பின்னால் நகர்ந்துகொண்டாள்.