எட்டாத பிரேக்

நண்பன் செத்து மாதம்கூட ஆகவில்லை. அவன் ஓட்டிய ஆட்டோமேட்டிக் லாரியை விற்குமுன் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றச் சொல்லி, அவன் மனைவி என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தாள்.

"விக்கிற வண்டிதானேம்மா, மட்டமான ஆயிலே போதும்," என்று எரிந்து விழுந்தேன். கோபம் அவள்மீதல்ல, சொல்லாமல் கொள்ளாமல் போனவன்மீது.

"அவர் ஊத்துறதையே ஊத்துங்கண்ணே."

ஊற்றினேன். அளவு பார்க்க எஞ்சின் ஓட வேண்டும்; ஒருவர் மேலே உட்கார்ந்து, பிரேக்கை மிதித்தபடியே கியர்களை மாற்ற வேண்டும். எப்போதும் அவன்தான் ஏறுவான். இன்று அவள் ஏறினாள். கால் எட்டவில்லை.

"சீட்டை முன்னால இழுத்துக்கம்மா."

"வேணாம்ணே. இது அவர் வச்ச இடம்."

சீட்டின் நுனிக்கு நகர்ந்து, ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு பிரேக்கை மிதித்தாள். ஆயில் அளவு சரியாகத்தான் இருந்தது. இறங்கச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.