நாலாவது பொட்டலம்

எலிக்கூடத்தில் அவனை எல்லோரும் பஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கிப் பையில் எப்போதும் ஒரு பிடி பஞ்சோடு திரிந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்தது; அதை வாயிற்காவலர் தவிர வேறு யாரும் படித்ததில்லை.

அந்த ஆராய்ச்சி நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஆயிரத்துச் சொச்சம் சுண்டெலிகள் இருந்தன. சன்னல் இல்லாத ஏழு அறைகள், அறைக்கு அறை கூரை வரை அடுக்கிய கூண்டுகள். தண்ணீர், தீனி, சுத்தம், பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் மூன்று பேர் பொறுப்பு. அறைகளில் மூன்றாவது பஞ்சுவுடையது.

அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவன் மனைவி எலிப் புரதங்களை ஆராய்ந்துகொண்டிருந்தாள். எலியைக் கண்ணால் பார்ப்பதே அவளுக்கு அபூர்வம். அவளுக்கு வேண்டியது எலிக்குள் இருப்பது. "மேல புரதம், கீழ புழுக்கை. நாங்க குடும்பத்தை அப்படித்தான் பிரிச்சுக்கிட்டோம்" என்று பஞ்சு விருந்தாளிகளிடம் சொல்வான். ஒவ்வொரு தடவையும் அவளுக்குச் சிரிப்பு வரும். ஒவ்வொரு தடவையும் முழங்கையால் இடிப்பாள்.

அவள் வேலை என்னவென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி தைத்துக்கொண்டிருந்தபோது அவனுக்குப் புரியவைத்தாள். தையல் பெட்டியிலிருந்து அளவு டேப்பை உருவி மேசைமேல் போட்டாள்.

"ஒரு புரதம்னா இந்த மாதிரி நீளமான நாடா. ஆனா இப்படி விறைப்பா கிடக்காது. அங்கங்க தானாவே மடிஞ்சு சுருண்டு பொட்டலம் பொட்டலமா ஆயிடும். அந்தப் பொட்டலத்துக்குத்தான் டொமைன்னு பேரு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு உருவம், உருவத்துக்கு ஏத்த வேலை. ஒண்ணு செல்லோட சவ்வைப் பிடிச்சுக்கும், ஒண்ணு வெளிய இருந்து வர்ற சேதியை வாங்கும், ஒண்ணு அதை உள்ள தள்ளி விடும்."

"உன்னோடதுல எத்தனை பொட்டலம்?"

"நாலு. முதல் மூணும் என்ன பண்ணுதுன்னு தெரியும். நாலாவது மட்டும் பிடி கொடுக்க மாட்டேங்குது. ஆனா சும்மா இருக்காது."

"ஏன், சும்மா இருக்கிறவங்க குடும்பத்துல உண்டே. உன் சித்தப்பா இல்லையா?"

அவள் டேப்பைச் சுருட்டி அவன்மேல் எறிந்தாள்.

நாலாவது சும்மா இல்லை என்று காட்டுவதற்காகத்தான் அந்தப் பொட்டலம் மட்டும் இல்லாத சுண்டெலிகளை அவள் உருவாக்கியிருந்தாள். அவற்றின் கூண்டுகளுக்குப் பச்சை அட்டை. எல்லாம் மூன்றாவது அறையில், பஞ்சுவின் கையில். இரண்டு வருஷமாக அவளும் விதவிதமாகச் சோதித்துவிட்டாள். எடை, நடை, காது கேட்பது, இரத்தம், வழி நினைவு வைத்திருப்பது, எதிலும் மற்ற எலிகளுக்கும் இவற்றுக்கும் கடுகளவு வித்தியாசமில்லை.

இனி சொல்லப்போவது பஞ்சுவுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

குட்டி ஈனப்போகும் எலியின் கூண்டில் அழுத்திய பஞ்சு வில்லை ஒன்று போடுவது வழக்கம். தாய் அதைப் பல்லால் கிழித்துப் பஞ்சாக்கி, கிண்ணம் போலக் கூடு கட்டும்; வெளியே உருண்ட குட்டியை வாயால் கவ்வி உள்ளே கொண்டுவரும். பச்சை அட்டைத் தாய்கள் அதைச் செய்யவில்லை. வில்லை போட்டது போட்டபடி கிடக்கும். மயிர் முளைக்காத, கண் திறக்காத குட்டிகள் மூலைக்கொன்றாகச் சில்லிட்டுக் கிடக்கும். குட்டியின் தோல் வழியே வயிற்றில் பால் வெள்ளையாகத் தெரிய வேண்டும். தெரியாது.

பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவனால் முடியவில்லை. காலை ஆறரைக்கே வந்துவிடுவான். கையுறையை அந்தக் கூண்டில் பரப்பிய மரத்தூளிலேயே தேய்த்து அதன் வாசனையை ஏற்றிக்கொண்டு, குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குவித்து, பையிலிருந்த பஞ்சைப் பிய்த்துச் சுற்றிலும் கூடு கட்டுவான். மாலையில் கிளம்புமுன் இன்னொரு தடவை. விதிப்படி கூண்டுக்கு ஒரு வில்லைதான். குட்டியைத் தொடவும் கூடாது. ஆனால் அவள் அளப்பதெல்லாம் எடையும் நடையும்தானே, கூட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் மாலை, அவன் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து அடுப்படி வாசலில் சாய்ந்து நின்றாள்.

"மூடிடலாம்னு பேராசிரியர் சொல்லிட்டாரு."

"எதை?"

"நாலாவதை. வர்ற வெள்ளிக்கிழமையோட சரி. பச்சை அட்டை எலி ஒண்ணுகூட மிஞ்சாது." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் கதவின் தாழ்ப்பாளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. "கடைசியா ஒரு நம்பிக்கை வச்சிருந்தேன். குட்டிங்க எத்தனை பிழைக்குதுன்னு உங்க பதிவேட்டைப் பார்த்தேன். நூத்துக்குத் தொண்ணூத்தி மூணு. மத்த எலிங்களுக்கும் அதே தொண்ணூத்தி மூணு. அப்படின்னா அந்தப் பொட்டலம் நிஜமாவே சும்மாதான் இருக்கு. சித்தப்பா மாதிரி."

அவள் சிரித்தாள். பஞ்சுவின் கையிலிருந்த தட்டு நழுவித் தொட்டியில் விழுந்தது. உடையவில்லை. அவன் திரும்பிப் பார்க்கவுமில்லை.

மறுநாள் காலை அவன் எதையும் தொடவில்லை. முந்தைய நாள் ஈன்றிருந்த ஒரு பச்சை அட்டைக் கூண்டின் முன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். ஏழு குட்டிகள், ஐந்து சிதறிக் கிடந்தன. தாய் ஒரு குட்டியருகே வந்தது, முகர்ந்தது, தாண்டிப் போய்த் தீனி கொறித்தது. திரும்பி வந்தது, முகர்ந்தது, மறுபடியும் தாண்டியது. எதிரே சாதாரண எலிக் கூண்டில் இன்னொரு தாய், சுவரோரம் உருண்ட குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடியது. அரை மணி நேரம் நின்றான். அதற்கு மேல் தாங்கவில்லை. குட்டிகளை அள்ளித் தாயின் வயிற்றருகே வைத்தான். அது உடனே அவற்றின்மேல் கவிழ்ந்து படுத்து, நக்கி, பால் கொடுத்தது.

அவன் கையுறையைக் கழற்றிவிட்டு மூன்றாம் மாடிக்குப் போனான்.

அவள் அறைக்கு அவன் வேலை நேரத்தில் வந்ததே இல்லை. அவள் பதறி எழுந்தாள். "நம்ம குட்டிக்கு என்ன? ஸ்கூல்ல இருந்து போன் வந்துச்சா?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. நீ உட்காரு. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

ஒன்றுவிடாமல் சொன்னான். முடித்ததும் அவள் கணினித் திரையிலிருந்து திரும்பினாள்.

"எத்தனை நாளா?"

"முதல் ஈத்துல இருந்தே."

"ரெண்டு வருஷம்!" நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் மோதியது. "ராத்திரி ஒரே தட்டுல சாப்பிட்டுக்கிட்டு, ஒண்ணும் கிடைக்கலையேன்னு நான் புலம்புறதைக் கேட்டுக்கிட்டு, ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"கூடு கட்டாததும் ஒரு சேதின்னு எனக்குத் தெரியல. செத்துடுமேன்னுதான்…"

"தெரியல." அவள் சன்னலருகே போய் நின்றாள். பேசியபோது கோபம் வேறெங்கோ போயிருந்தது. "அப்பவும் நீங்க இப்படித்தான் பண்ணீங்க."

எப்போது என்று அவன் கேட்கவில்லை. ஏழு வருஷத்துக்கு முன், மகள் பிறந்த புதிதில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். பிள்ளை வீல் வீலென்று கத்தும்; அவளுக்கு எட்டாது. மடியில் கொண்டுவந்து வைத்தால் பால் கொடுப்பாள், தலையைத் தடவுவாள். தானாக எழுந்துபோய்த் தூக்க மட்டும் அவளால் ஆகவில்லை. குளிப்பாட்டியது, தோளில் போட்டு நடந்தது, தூங்கவைத்தது எல்லாம் அவன். பார்க்க வந்தவர்களிடம் "அசதி, இப்பதான் கண்ணசந்தா" என்பான். மாமியார் போன் செய்தால் "குளிக்கப் போயிருக்கா அத்தை" என்பான். ஐந்து மாதம் அப்படிப் போனது.

"நல்லாத்தான் பார்த்துக்கிட்டீங்க" என்றாள், இன்னும் சன்னலைப் பார்த்தபடி. "உங்களை மாதிரி யாரும் பார்த்துக்க மாட்டாங்க. ஆனா எனக்கு உடம்பு சரியில்லன்னு யாருக்குமே தெரியல. எனக்கே தெரியல. நான் கெட்ட அம்மான்னு மட்டும் நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன். ஒருத்தர்கிட்ட நீங்க வாய் திறந்திருந்தா, டாக்டர்கிட்ட முதல் மாசமே போயிருப்பேன்."

பஞ்சு அவளருகே போனான். "இதை இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? ராப்பகலா கண்ணு முழிச்ச மனுஷன்கிட்ட போய்க் குறை சொல்றதா?"

வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"அந்தத் தாய்ங்களும் கெட்டதுங்க இல்ல" என்றான் அவன் மெதுவாக. "குட்டியைப் பக்கத்துல கொண்டுபோய் வச்சா உடனே கவுந்து படுத்துக்கும். நக்கி நக்கிப் பால் கொடுக்கும். பாசமெல்லாம் இருக்கு. தள்ளிக் கிடக்கிறது தன் குட்டின்னு மட்டும் அதுக்கு உறைக்கல."

அவள் திரும்பினாள். கண் ஈரமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பார்வையை அவனுக்குத் தெரியும். டேப்பை மேசையில் போட்டபோது பார்த்த பார்வை.

"இன்னொரு தடவை சொல்லுங்க. பக்கத்துல வச்சா பால் கொடுக்குதா? எல்லாத் தாயுமா?"

"எல்லாமே."

"முகர்ந்து பார்க்குதா?"

"முகர்ந்துட்டுத் தாண்டிப் போயிடுது."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு ஒரு தாளை எடுத்தாள். "உட்காருங்க. முதல் கூண்டுல இருந்து ஆரம்பிங்க."

மதியம் இரண்டு பேருமாகப் பேராசிரியரிடம் போனார்கள். தான் போய்ச் சொல்கிறேன் என்றான் அவன். பதிவேட்டை நம்பியது நான், நானும் வருகிறேன் என்றாள் அவள். பேராசிரியர் நல்லவர்தான், ஆனால் விதி என்றால் விதி. முழுவதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது.

"விதிப்படி உங்களை வேலையை விட்டு அனுப்பணும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"எழுத்துல ஒரு எச்சரிக்கையோட நிறுத்திக்கிறேன். மூணாவது அறைக்குள்ள இனிமே நீங்க காலெடுத்து வைக்கக் கூடாது." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழமைக் கதையை விடு. நாலு மாசம் தர்றேன். முதல்ல இருந்து பண்ணு."

மறுபடியும் தொடங்கினார்கள். கூண்டுக்கு ஒரே வில்லை, மேலே ஒரு கேமரா. யாருக்கும் எந்தக் கூண்டு பச்சை என்று தெரியாதபடி அட்டைகளில் எண் மட்டும். குட்டிகளைச் சாகவிடக் கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். ஒரு மணி நேரத்தில் தாய் சேர்க்காவிட்டால் எடுத்து வேறொரு தாயிடம் விட வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதிவைத்தாள். பஞ்சு ஐந்தாவது அறைக்கு மாறினான். அங்கே எல்லாம் கிழட்டு ஆண் எலிகள்; யாரும் யாருக்கும் கூடு கட்டத் தேவையில்லை. மூன்றாவது அறையைத் தாண்டும்போது வேகமாக நடப்பான். வீட்டில் "என்னாச்சு?" என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது அவனுக்கு எத்தனை பாடு என்று அவளுக்குத் தெரியும்.

நாலு மாதம் முடிந்த சனிக்கிழமை காலை, அவளே அவனை மூன்றாம் மாடிக்கு அழைத்துப்போனாள். திரையில் அருகருகே இரண்டு கூண்டுகள், கீழ்த்தளத்திலிருந்து நேரடிக் காட்சி. ஒன்றில் தாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விச் சேர்த்தது. மற்றதில் தாய் நடந்தது, முகர்ந்தது, தாண்டியது.

"பச்சைத் தாய் நாப்பதுல முப்பத்தாறு சேர்க்கல. மத்ததுல ரெண்டே ரெண்டு" என்றாள். "மூக்குல இருந்து மூளைக்குப் போற வழியில இந்தப் புரதம் உட்கார்ந்திருக்கு. குட்டியோட வாசனை வருது. நாலாவது பொட்டலம் இல்லாததால அந்தச் சேதியை வாங்கிக்க இடமில்ல. அப்படித்தான் இருக்கணும். இன்னும் நிறைய பார்க்கணும்."

அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அப்போ… உனக்கு வந்தது?"

"அது வேற. எலியையும் மனுஷியையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க." சொல்லிவிட்டு அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். "ஆனா அந்தத் தாய்ங்க கெட்டதுங்க இல்லன்னு நீங்க சொன்னீங்கல்ல, அன்னைக்கு ராத்திரி நான் நல்லாத் தூங்கினேன்."

அவன் திரையைப் பார்த்தான். சேர்க்கப்படாத ஒரு குட்டி கால்களை உதைத்துக்கொண்டிருந்தது. அவன் விரல்கள் அவள் கைக்குள் துடித்தன.

"பொறுங்க" என்றாள். "இன்னும் பத்து நிமிஷத்துல ஆள் வந்து எடுத்துடுவாங்க."

பத்து நிமிஷம் பொறுத்தான். கையுறை போட்ட கை ஒன்று திரைக்குள் வந்து குட்டியை எடுத்துக்கொண்டு போனபோது, அடக்கிவைத்த மூச்சை விட்டான். அவள் கடிகாரத்தைப் பார்த்துத் தூக்கிவாரிப்போட எழுந்தாள்.

"ஐயோ, நீச்சல் வகுப்பு முடிஞ்சு கால் மணி ஆச்சு! துண்டு எடுத்துட்டு வந்தீங்களா?"

"நீ எடுத்துக்கறேன்னு சொன்னியே."

"நான் எப்போ சொன்னேன்?"

படியில் இறங்கும்போதும் அதைப் பற்றியே வாதாடினார்கள். நீச்சல் குளத்தின் வாசலில் மகள் தலை சொட்டச் சொட்ட, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு நின்றாள். பஞ்சு ஓடினான். அவனுக்கு முன்னால் அவள் ஓடிப்போய்த் தன் சட்டைக்குமேல் போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றிப் பிள்ளையைச் சுற்றித் தூக்கிக்கொண்டாள். ஏழு வயசுப் பிள்ளை, கால் இரண்டும் அவள் முழங்கால் வரை தொங்கின.

"அம்மா, கீழ விடும்மா, எல்லாரும் பார்க்கிறாங்க!"

"பார்க்கட்டும்" என்றாள் அவள், இறக்கிவிடாமல்.